சாம்பல் என்று குறித்த வயல்

ரமாபாய்க்குச் சாம்பலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எர்ணாவூர் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் பழுப்பேறிவிடும். குடத்தை மூடாமல் வைத்தால் தண்ணீர்மேல் ஏடு படியும். கீழே நிற்கிற முருங்கை பச்சை மரம்தான் என்பது மழை பெய்தால்தான் தெரியும், அதுவும் ஒரு நாளோ இரண்டு நாளோ. அவளுடைய நைனா அப்பாவு, பக்கத்து அனல்மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பல் கரைசல் ஓடுகிற குழாய்களில் அடைப்பு எடுக்கும் ஒப்பந்த வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தவர். இப்போது நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மனிதர் அந்த மாடியை விட்டு இறங்கியே எட்டு மாதம் ஆகிறது.

இந்தச் சாம்பலுக்காக அங்கே இருக்கிற ஜனங்கள் கொடுக்காத மனு இல்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் ஜீப்பில் வந்து இறங்குவார். சுவரை விரலால் தடவிப் பார்ப்பார். "சாதாரண ரோட்டுத் தூசிம்மா" என்பார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த விரலை ஒடித்துக் கையில் கொடுத்து அனுப்பலாமா என்றிருக்கும் ரமாபாய்க்கு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருத்தர் சொன்னார், போன வருஷமும் ஒருத்தர் அதையேதான் சொன்னார்.

அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்ததோ வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துச் சொல்கிற இடத்தில். திருவொற்றியூர் டோல்கேட் பக்கம், விசைப்படகு இன்ஜின் சாமான் கடைக்கு மேல்மாடி. வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், ஒரு லாரி ஹாரன் அடித்தால் கணினித் திரையே அதிரும். உள்ளே பன்னிரண்டு பெண்கள். ஒருத்திகூடப் பருத்திச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தினமும் ஆளுக்கு இருநூறு பருத்தி வயலைப் பார்த்தார்கள்.

வேலை இதுதான். காய்ப்புழுவைக் கொல்கிற விஷத்தைச் செடியே தனக்குள் சுரக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி ஒன்று உண்டு. பி.டி. பருத்தி என்பார்கள். அதை விதைக்கும்போது வயலின் நாலு ஓரத்திலும் சில வரிசை சாதாரணப் பருத்தியும் போடவேண்டும் என்பது ஏற்பாடு. புழு வந்தால் ஓரம் அடிபடும், நடு தப்பித்துவிடும். ஆனால் புழு சும்மா இருக்குமா? வருஷக்கணக்கில் தின்று தின்று அந்த விஷத்துக்குப் பழகிவிடும். பழகிவிட்டால் ஓரமும் நடுவும் அதற்கு ஒன்றுதான். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் நிறத்தை மாற்றிப் போட்டிருப்பார்கள், நல்ல செடி கருஞ்சிவப்பாகத் தெரியும், நோவுபட்டது வெளிறித் தெரியும். ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் கவலை இல்லை. ஓரமும் நடுவும் ஒன்றுபோல வெளிறியிருந்தால் 'பழகிய புழு' என்று குறிக்கவேண்டும். குறித்ததும் ஐதராபாத்தில் இருக்கிற கம்பெனி அந்த வட்டாரத்து விவசாயிகளுக்கெல்லாம் மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று போனில் செய்தி அனுப்பிவிடும்.

டிசம்பர் முதல் வாரத்தில் நாற்பத்தேழாம் கட்டத்தின் படம் வந்தது. கட்டம் என்றால் ஏறக்குறைய ஒரு கிராமத்து வயல்கள். ஆத்தூர்ப் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய பருத்தி அதில் இருந்தது.

"இன்னாடி இது, நாலு பேரு நாலு மாறி போட்டுக்கீறீங்க?" என்று கத்தினாள் தஹ்சீன். அவள்தான் இவர்களுக்கெல்லாம் தலைவி. ராயபுரத்துக்காரி, நல்ல மனசு, தொண்டை மட்டும் மீன் மார்க்கெட்டுக்குக் கேட்கும்.

ஒருத்தி தண்ணீர் இல்லை என்று குறித்திருந்தாள். ஒருத்தி மேகம் என்றிருந்தாள். சௌமியா மட்டும் பழகிய புழு என்று போட்டிருந்தாள். ரமாபாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வயல்களுக்கு மேற்கே ஒரு புகைபோக்கியின் நீண்ட நிழல். அதன் காலடியில் சதுரம் சதுரமாக இரண்டு குட்டைகள். பக்கத்தில் ஏதோ ஒன்று சாம்பல் நிற வெள்ளையாக ஏக்கர் கணக்கில் பரந்து கிடந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

"அக்கா, இது சாம்பல் குளம்க்கா."

"கன்ஃபார்மா சொல்றியா?"

"பொறந்ததுலேர்ந்து இத்த பாத்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா? சிம்னி கீது, குளம் கீது, பக்கத்துல கொட்டி வச்சிகீறான் பாரு. காத்து இப்படிக்கா அடிச்சா வயலு மேலதான் எறங்கும். ஓரம், நடுன்னு பாத்தா எறங்கும் அது? எல்லாத்து மேலயும் ஒரே மாறி படியும். அதான் எல்லாம் ஒண்ணா வெளுத்துகீது."

சௌமியா விடவில்லை. "மேப்புல பவர் பிளான்ட்டுன்னு ஒண்ணுமே போடலியே?"

"நம்ம வூட்டு மேல சாம்பல் கொட்டுதுன்னு எந்த மேப்புலடி போட்டுகீறான்?"

சௌமியாவும் கடலோரத்துப் பெண்தான், அவளுக்கும் அது தெரியும்.

இப்படிச் சண்டை வந்தால் அந்தப் படம் தண்டபாணிக்குப் போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். தண்டபாணி ஆத்தூர்ப் பக்கத்துக் களப் பணியாளர். பைக்கில் வயலுக்கே போய், காயைப் பிளந்து பார்த்துச் சொல்லுவார். அந்த வாரம் அவர் தலையில் ஏற்கெனவே பதினோரு ஊர் இருந்தது. தஹ்சீன் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, "ரமாவே சொல்றா, அப்புறம் இன்னாத்துக்கு அந்த ஆள அலைய வுடணும்" என்று பட்டியலிலிருந்து நாற்பத்தேழை எடுத்துவிட்டாள். ரமாபாய் 'சாம்பல்' என்று குறித்தாள். குறிக்கும்போது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இத்தனை வருஷத்தில் சாம்பலைச் சாம்பல் என்று எழுத்தில் ஒருத்தரும் எழுதியதில்லை, இன்றைக்கு அவள் கையால் எழுதியாயிற்று.

ஐதராபாத்திலிருந்து இரண்டே நாளில் பாராட்டி மெயில் வந்தது. மற்றவர்களுக்குப் பிடிபடாததைக் கண்டுபிடித்திருக்கிறாராம், இனி சிக்கலான படங்களில் ரமாபாயின் சொல்லே முடிவாம். வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னாள். அவர் ஜவ்வரிசிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வேறு எதைக் கொடுத்தாலும் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும், கஞ்சி ஒன்றுதான் இறங்கும்.

"சாம்பல்னு எழுத்துலயா போட்டாங்க?" என்று கேட்டார்.

"எழுத்துலதான் நைனா."

"யாரோ ஒருத்தன் ஒத்துகினான் பாரு." அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமி, கண்ணில் நீர் வர மறுபடியும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அடுத்த மூன்று வாரம் ரமாபாய் தலை நிமிர்ந்து நடந்தாள். சிக்கலான படமெல்லாம் அவளிடம் வந்தது. பார்த்துப் பார்த்து, சேலம், பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் பத்தொன்பது கட்டங்களைப் 'பழகிய புழு' என்று முடிவு செய்தாள். அந்தப் பத்தொன்பதுக்கும் எச்சரிக்கை போயிற்று.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் தண்டபாணி தஹ்சீனை வீடியோவில் அழைத்தார். பக்கத்து ஊருக்குப் போகிற வழியில் நாற்பத்தேழாம் கட்டத்து வயலில் யாரோ அழுகிற சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினாராம். திரையில் அவருக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் நின்றாள். பெயர் பூவம்மா, மூன்று ஏக்கர் பருத்தி.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார் தண்டபாணி.

பூவம்மா ஒரு காயை நகத்தால் பிளந்தாள். வெள்ளையாகப் பஞ்சு இருக்கவேண்டிய இடம் அழுகிப் பழுப்பாகக் கிடந்தது. நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்தது. இன்னொரு காய், அதிலும் புழு. அவள் பிளந்துகொண்டே போனாள். ஒன்றில்கூடப் பஞ்சு இல்லை.

"ஓரத்துச் செடிங்களா, நடுவா?" என்றாள் தஹ்சீன். அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"நடுவுலதாங்க நிக்கறோம். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

ரமாபாய் முன்னால் வந்து நின்றாள். "சார், பக்கத்துல சாம்பல் குளம் இருக்குமே? அந்தச் சிம்னி?"

தண்டபாணி போனைத் திருப்பிக் காட்டினார். "அதுங்களா? அது ஜவ்வரிசி ஆலைங்க. அந்தக் குட்டை மாவு கழுவின தண்ணி. வெள்ளையாக் கிடக்கறது மரவள்ளித் திப்பி, மாவு எடுத்த சக்கை. மாட்டுத் தீவனத்துக்குக் காயப்போட்டிருக்காங்க. இந்தப் பக்கம் ஏதுங்க சாம்பல்?"

அன்று காலையில் கூட அவள் நைனாவுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தினம் தினம் கையால் அள்ளிப் போடுகிற பொருள் எங்கே, எப்படி உண்டாகிறது என்று அவளுக்குத் தெரியாது. புகைபோக்கியும் குட்டையும் வெள்ளையும் சேர்ந்து இருந்தால் அது சாம்பல்தான் என்று மட்டும் தெரியும். எர்ணாவூரில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் சூடேறிப்போயிற்று.

பூவம்மா போனுக்குள் எட்டிப் பார்த்தாள். "பூவு விரியாம ரோசா மொக்காட்டம் மூடிக்கிட்டே இருந்துச்சு கண்ணு. எனக்கு அப்பவே புழுன்னு சந்தேகம். மருந்தடிக்கலாம்னு டப்பாவக் கையில எடுத்துட்டேன். அன்னைக்குன்னு பாத்து மெசேஜு வந்துச்சு. புழு இல்ல, தூசி படிஞ்சிருக்கு, மருந்து வேண்டாம்னு. பக்கத்துக் காட்டுக்காரரு படிச்சுச் சொன்னாரு. மேல இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாதா, நமக்கென்ன தெரியும்னு டப்பாவ உள்ள வச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ எந்த ஊரு கண்ணு? உங்க பக்கம் பருத்தி உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் ரமாபாய்.

அந்த அம்மாள் திட்டியிருந்தால் தேவலை. அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி காய் பிளக்கப் போய்விட்டாள்.

அழைப்பு முடிந்ததும் ரமாபாய் தன் இடத்தில் உட்கார்ந்து நாற்பத்தேழாம் கட்டத்தின் பழைய படங்களை வரிசையாகத் திறந்தாள். டிசம்பர் எட்டாம் தேதி அங்கே மழை. பதினாலாம் தேதி மறுபடி நல்ல மழை. சாம்பலாக இருந்தால் அதில் கழுவிப்போய், வயல் கருஞ்சிவப்பாகத் திரும்பியிருக்க வேண்டும், வீட்டுக்குக் கீழே நிற்கிற முருங்கை திரும்புவதுபோல. வெளிறியது வெளிறியபடியே இருந்தது. இது அந்த அறையில் மற்றவர்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்த விஷயம். மழைக்குப் பிந்திய படத்தை ஒரு தடவை திறந்திருந்தால் போதும். சாம்பலைக் கண்டுவிட்டோம் என்கிற ஆங்காரத்தில் திறக்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணி நாலு. அடுத்த செய்தி ஆறு மணிக்குப் போகும். மாற்றாவிட்டால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மறுபடி 'தூசி, மருந்து வேண்டாம்' என்றே போய்ச் சேரும். பூவம்மாவுக்கு ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் பின்னால் விதைத்தவர்களுடைய காய் இன்னும் பிஞ்சு. அதையாவது காப்பாற்றலாம் என்று தண்டபாணி சொல்லியிருந்தார்.

தஹ்சீன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருத்தப் படிவத்தில் 'காரணம்' என்கிற இடம் காலியாக இருந்தது.

"மேகம் மறைச்சிச்சுன்னு போட்டுடலாம்டி" என்றாள் மெதுவாக. "மேகத்த எவனும் கேள்வி கேக்க மாட்டான். உன் வேலையும் தங்கும், என் வேலையும் தங்கும். தண்டபாணிய போவ வேணாம்னு சொன்னது நான்தானே."

"மேகம்னு போட்டா இன்னாக்கா ஆவும்?"

"அடுத்த படம் வர்ற வரைக்கும் எதுவும் அனுப்ப மாட்டான். அஞ்சு நாளு."

"அஞ்சு நாள்ல புழு இன்னும் எத்தினி காட்டுக்குப் போவும்?"

ரமாபாய்க்கும் பயம்தான். இந்த வேலை போனால் நைனாவுக்கு மூச்சுக்குழல் மருந்து எங்கிருந்து வரும்? இருந்தும், மூடிக்கிடந்த அந்தப் பூவைப் பார்த்த பூவம்மாவின் கண்ணைவிடத் தன் சொல்லைப் பெரிதாக நினைத்தோமே என்கிற எரிச்சல் பயத்தையும் மிஞ்சிவிட்டது. தட்டினாள்: 'பார்த்தவர் செய்த தவறு. அது சாம்பல் இல்லை. பழகிய புழு. உடனே எச்சரிக்கவும். ரமாபாய்.'

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. தஹ்சீன் சத்தமாகப் படித்தாள். நாற்பத்தேழாம் கட்டம் மாற்றப்பட்டது, நன்றி. அப்பாடா என்று சௌமியா மூச்சுவிட்டாள். தஹ்சீன் மேலே படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் தேய்ந்தது. பெருந்தவறு செய்தவருடைய எந்த முடிவையும் நம்புவதற்கில்லை. ஆகவே ரமாபாய் முடிவு செய்த மற்ற எல்லாக் கட்டங்களும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. பொங்கலுக்குப் பிறகு மறுபடி பார்க்கப்படும். அதுவரை அவை முன்பிருந்த நிலைக்கே திரும்பும்.

"முன்ன இருந்த நெலன்னா?" என்றாள் ரமாபாய்.

"'புழு இல்லை'. ஒண்ணும் பாக்காத வயலுக்கெல்லாம் அதான் போட்டு வச்சிருப்பான்."

"அந்தப் பத்தொம்போதும் கரெக்டுக்கா!"

"எனக்குத் தெரியும்டி. நானும்தானே பாத்தேன்."

தஹ்சீன் ஐதராபாத்துக்குப் போன் போட்டாள். ஒருத்தர் இன்னொருத்தரிடம் மாற்றிவிட்டார். அவர் இது கணினியே செய்கிற ஏற்பாடு, யாரும் கை வைக்க முடியாது என்றார். தஹ்சீன் கெஞ்சினாள், பிறகு கத்தினாள். கீழே இன்ஜின் கடைக்காரர் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரமாபாயின் திரை பூட்டிக்கொண்டது. ஆறு மணிக்குச் செய்திகள் போய்விட்டன. நாற்பத்தேழாம் கட்டத்துக்கு 'புழு', மற்ற பத்தொன்பதுக்கும் 'உங்கள் வயலில் புழு இல்லை, மருந்து தேவையில்லை.'

ஒரு வயலில் சொன்ன பொய் அவள் அறியாமல் சொன்னது. அந்தப் பொய்யைத் திருத்த உண்மையைச் சொன்னாள், அதற்கு விலையாகப் பத்தொன்பது ஊர் போயிற்று. யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். தண்டபாணிக்கு மட்டும் போன் செய்து, அந்தப் பத்தொன்பதிலும் ஊருக்கு ஒருத்தர் நம்பர் அனுப்பச் சொன்னாள். அவர், "என் வேலைக்கும் சேத்து உலை வச்சுடாதீங்க மேடம்" என்றார். ஆனாலும் அவள் எர்ணாவூர் வருவதற்குள் மற்றக் களப் பணியாளர்களையும் கேட்டு நம்பர்களை அனுப்பிவிட்டார்.

வீட்டில் நைனா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்தே, "இன்னாம்மா?" என்றார்.

"அது சாம்பல் இல்ல நைனா. நான் தப்பா சொல்லிட்டேன்."

"சிம்னி இருந்துச்சுன்னியே?"

"ஜவ்வரிசி ஆலையாம்."

"அப்ப, எழுத்துல போட்டது?"

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்க நைனா. சரியா சொன்னதையும்."

அப்பாவு ஜன்னல் விளிம்பை விரலால் தடவினார். விரலில் வந்ததைப் பார்த்துவிட்டு லுங்கியில் துடைத்துக்கொண்டார். அவள் அடுப்பைப் பற்றவைத்து ஜவ்வரிசியைப் போட்டாள். கொதிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். கஞ்சியை ஆற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டு முதல் நம்பரைப் போட்டாள். பெரம்பலூர்ப் பக்கத்து ஊர், வயசான ஆண் குரல்.

"ஐயா, வணக்கங்க. உங்க ஊரு பருத்தியில புழு இருக்குதுங்க. நாளைக்குக் காலையில நடுக்காட்டுல போயி இருபது காயப் பிளந்து பாருங்க. எல்லாருக்கும் சொல்லுங்க."

"யாரும்மா நீ? மருந்துக் கடையா?"

"இல்லீங்க. மெட்ராஸ்லேர்ந்து பேசறேன்."

"இப்பத்தானே மெசேஜ் வந்துச்சு, புழு இல்லைன்னு. போன வாரம் இருக்குன்னாங்க, நாங்களும் மருந்து வாங்கலாம்னு கெளம்பிட்டோம். நல்லவேளை, இல்லைன்னுட்டாங்க. மேல இருந்து போட்டோ புடிச்சுப் பாக்கறவங்கம்மா அவங்க. அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"அந்தப் போட்டோவப் பாத்தவ நான்தாங்கய்யா. புழு இருக்குன்னு சொன்னதும் நான்தான்."

"அப்படின்னா இப்ப ஏன் இல்லைன்னு வருது?"

ரமாபாய் கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொல்லலாம், ஏதாவது ஒன்றைச் சொல்லி நம்பவைக்கலாம். பூவம்மா டப்பாவை உள்ளே வைத்தது நினைவுக்கு வந்தது.

"வேற ஒரு ஊர்ல தப்பாச் சொல்லிட்டேங்க. அதனால நான் சொன்னது எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. ஆனா உங்க ஊருக்கு சொன்னது நெசம்ங்கய்யா. சத்தியமா நெசம்."

"தப்பாச் சொன்னவன்னு நீயே சொல்ற. உன்ன நம்பி நான் ஊரையே கெளப்பணுமா? போம்மா, வேலையப் பாரு."

போன் நின்றுவிட்டது. உள்ளே நைனா இருமுகிற சத்தம் கேட்டது. ரமாபாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அதில் படிந்திருந்த சாம்பல் கையில் ஒட்டியதைத் துடைக்காமல், இரண்டாவது நம்பரைப் போட்டாள்.